பேசாத கத்திரிக்காய்

என்ற ஊட்டுல மூணு பொம்பளைங்க. சம்சாரம், ரெண்டு புள்ளைங்க. மூணு பேரும் என்னை அடிக்க மாட்டேங்கறாங்க. அதுதானுங்க என்ற கொறை.

சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க, தப்பில்லை. யார்கிட்டச் சொன்னாலும் சிரிப்பாங்கன்னுதான் இத்தனை நாளா ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்கலை. உங்களை முன்னப் பின்னத் தெரியாது. நீங்க திண்டுக்கல்லுல எறங்கீட்டா அப்புறம் நான் யாரோ, நீங்க யாரோ. அதுனால சொல்றேன். காங்கயம் தாண்டீட்டம், இனித் தாராபுரம் வரைக்கும் ஏறி எறங்கற கூட்டம் இருக்காது. உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்கிக்குங்க, நான் பாட்டுக்குப் பேசீட்டு வர்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருக்கறேன். மைக்குல பேசறதும் நானேதான். 'பந்தி நடந்துட்டு இருக்குது, ஒறம்பரை யாரும் சாப்பிடாமப் போயிரக் கூடாது'ன்னு ஒரு குரல் கேக்குமில்லீங்களா, அது நான். நான் ஒருதடவை தொண்டையைக் கனைச்சா எலை போடற ஆளுங்க முதுகை நிமித்திக்குவாங்க. சமையல்காரர் கரண்டியைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நிப்பார். மரியாதை. மெரட்டி வாங்கினது இல்லீங்க, தானா வந்தது.

ஊட்டுலயும் அப்படித்தான். நான் இதுவரைக்கும் ஒருத்தர் மேல கை வெச்சதில்லை. யாரை வேணாலும் விசாரிச்சுக்குங்க. பார்வையே போதும். ஒரே ஒருதடவை, பெரியவ தாரணி பத்தாவது படிக்கறப்ப, பள்ளிக்கூடத்துக் கபடி டீமுல சேத்தீட்டாங்கன்னு வந்து நின்னா. ஊர் ஊராப் போய் விளையாடோணுமாம். நான் ஒண்ணும் சொல்லலை. சாப்புட்டுட்டு இருந்த தட்டை லேசா நகத்தி வெச்சேன். அது எப்படியோ சுவத்துல போய்ப் பட்டுது. அவ்வளவுதான். மறுநா அவளே வந்து, கபடி வேண்டாங்ப்பா, படிப்புக் கெட்டுப் போயிரும்னு சொல்லீட்டா. புத்திசாலிப் புள்ளை. இப்பக் கம்ப்யூட்டர் வேலை, ஊட்டுல இருந்தே பாக்கறா. சின்னவ அபர்ணா காலேஜுல கடைசி வருசம். ரெண்டும் என்ற முன்னால காலை நீட்டி உக்காந்ததில்லை.

அப்படி ஒரு அமைதியான ஊடுங்க. ஒறம்பரை வந்தா அதைத்தான் சொல்லுவாங்க, உங்க ஊட்டுல ஆள் இருக்கறதே தெரியலையேன்னு. எனக்கு அதுல ஒரு பெருமை.

இந்த ஐப்பசியில ஒருநாள், ஒரு வளைகாப்பு மதியத்துக்குள்ளயே முடிஞ்சுருச்சு. மண்டபத்தைக் கூட்டச் சொல்லீட்டு நான் நேரத்துலயே கெளம்பீட்டேன். எங்க தெரு முக்குத் திரும்பறப்பவே சத்தம் கேக்குது. பொம்பளைங்க கத்தற சத்தம். 'கொன்னு போட்ருவேன்டி உன்னை, நில்லுடி அங்க'ன்னு ஒரு குரல். யார் ஊட்டுலயோ சண்டைன்னு நெனச்சேன். பக்கத்துல வர வரத்தான் தெரியுது, அது என்ற ஊடு. அந்தக் குரல் என்ற சம்சாரம் சாந்தாமணியோடது.

வண்டியை அப்படியே சாச்சுப் போட்டுட்டு ஓடி, ஜன்னல்ல பாக்கறேன். மூணு பேரும் தரையில உக்காந்திருக்கறாங்க. சாந்தாமணி சேலையை இடுப்புல ஏத்திச் சொருகீட்டு, கையில ஒரு கருப்பு டப்பாவைப் புடிச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கறா. எதுக்கால டிவியில ஒரு கோழி. குண்டுக் கோழி. அது தோசைக்கல்லை எடுத்து ஒரு கரடி மண்டையில போடுது. கரடி பறந்து போய் ஒரு தவளை மேல உழுகுது. ரெண்டும் சேந்து பாதாளத்துல உழுகுது. அதைப் பாத்துச் சாந்தாமணி சிரிக்கறா. தலையைப் பின்னால சாச்சு, வாயை இத்தனை தொறந்து சிரிக்கறா.

அவளுக்குக் கடைவாய்ல ஒரு பல்லு இல்லைங்கறது அன்னைக்குத்தானுங்க எனக்குத் தெரியும்.

நான் ஜன்னலைவிட்டு வந்து, கதவுகிட்ட நின்னு தொண்டையைக் கனைச்சேன். உள்ள டிவி அணஞ்சுது. கதவு தொறந்துது. அபர்ணா கையில புஸ்தகம். தாரணி கம்ப்யூட்டர் முன்னால. நான் சட்டையைக் கழட்டி மாட்டறதுக்குள்ள டீ வந்துருச்சு. 'இன்னைக்கு நேரத்துலயே வந்துட்டீங்களாட்ட இருக்குது'ன்னா சாந்தாமணி. சேலை எப்பவும் போலக் காலை மூடியிருந்துது. ராத்திரி சோறு போடறப்ப நான் கேட்டேன், பல்லு எப்பப் போச்சுன்னு. 'அது நாலு வருசம் இருக்குமுங்க. நானே பஸ்ஸுல போய்ப் புடுங்கீட்டு வந்தேன்'னா. எனக்குச் சொல்லலையேன்னேன். 'சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லைங்க'ன்னா.

சரி, இந்த விளையாட்டு என்னன்னு தெரிஞ்சுக்கோணுமில்லீங்களா. அபர்ணாவைக் கூப்பிட்டு விசாரிச்சேன். பயந்துட்டே சொன்னா. அவ பிரெண்டு ஒருத்தி குடுத்ததாம். நாலு பேர் விளையாடலாம். ஆகாசத்துல தொங்கற ஒரு பலகை மேல நாலு உருவம் நிக்கும். மேல இருந்து சாமான் உழுகும். சுத்தியல், வெடி, உலக்கை, மீனு, எதுவேணாலும். கெடைச்சதை எடுத்து யாரு கெடைச்சாலும் அடிக்க வேண்டியது. கூட்டாளியும் இல்லை, எதிரியும் இல்லை. பலகையைவிட்டு உழுந்தா மூணு எண்ணறதுக்குள்ள மறுபடியும் மேல வந்து நிக்கலாம். இதுல கணக்கு என்ன, நியாயம் என்ன, யார் ஜெயிச்சதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'ஜெயிக்கறது முக்கியமில்லைங்ப்பா, சும்மா ஒரே கலாட்டாவா இருக்கும், அதுதான்'னா. சொல்லீட்டு, வேண்டாம்னாக் குடுத்தர்றேனுங்ப்பான்னா.

நான் வேண்டாம்னு சொல்லலைங்க. அங்கதான் நீங்க என்னைப் புரிஞ்சுக்கோணும். வேற அப்பனா இருந்தா அதைத் தூக்கி வெளிய எறிஞ்சிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? நாளைக்கு நானும் விளையாடறேன்னேன்.

மறுநா எனக்கு நாற்காலி போட்டாங்க. அவங்க தரையில. எனக்கு ஒரு சிங்கம் குடுத்தாங்க, கிரீடமெல்லாம் வெச்ச சிங்கம். முதல் ஆட்டமே நான் ஜெயிச்சேன். ரெண்டாவதும் நாந்தான். ஒருத்தராலயும் என்னைக் கீழ தள்ள முடியலை. அந்த வாரம் பூரா நாந்தான் ஜெயிச்சேன். எனக்கு இதுல ஒரு கை இருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சு, மண்டபத்துலகூட ரெண்டு பேர்கிட்டச் சொன்னேன்.

அப்புறந்தான் கவனிச்சேன். கோழி ஒரு மூலையில நிக்குது. கரடி ஒரு மூலையில நிக்குது. தவளை சும்மா மேலயும் கீழயும் குதிச்சுட்டு இருக்குது. நான் கிட்டப் போனா நகந்து வழி விடறாங்க. சுத்தியல் உழுந்தா, 'எடுத்துக்குங்ப்பா'ங்கறாங்க. ஊட்டுல ஒரு சத்தமில்லை. டிவியில வர்ற பாட்டு மட்டும் டொய்ங் டொய்ங்னு ஓடீட்டு இருக்குது. கோயில்ல வரிசையில நிக்கற மாதிரி விளையாடறாங்க.

நான் சொன்னேன், என்னையும் அடிங்கன்னு. சரிங்ப்பான்னாங்க. அடிக்கலை. மறுபடியும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லீட்டேன்னு வெச்சுக்குங்க, 'அடிங்கன்னு சொல்றேனில்ல'ன்னு. உடனே கரடி வந்து ஒரு அடி அடிச்சுது. அப்புறம் தவளை வந்து ஒரு அடி. ஆளுக்கு ஒண்ணு, மொய் வெக்கற மாதிரி. கடைசியாக் கோழி வந்துது. தோசைக்கல்லை எடுத்து லேசாத் தட்டுச்சு. தட்டீட்டு, டிவிக்கு இந்தப் பக்கமா உக்காந்திருந்த சாந்தாமணி என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டா:

"பட்டுருச்சுங்களா?"

என்னங்க பண்றது நான்? சொல்லுங்க. மனுசன் இதுக்கு மேல எறங்கி வர முடியுமா? கடையில இருந்து மைசூர்பாக்கு, முறுக்கு எல்லாம் வாங்கீட்டு வந்து நடுவுல வெச்சுப் பாத்தேன். நாற்காலியை எடுத்துப் போட்டுட்டுத் தரையில உக்காந்து பாத்தேன். நான் தரையில உக்காந்ததும் அவங்க மூணு பேரும் எந்திரிச்சு நின்னுக்கிட்டாங்க. அப்புறம் நானே, எனக்குக் கண்ணு வலிக்குது, நீங்க விளையாடுங்கன்னு சொல்லீட்டு ஒதுங்கீட்டேன். அவங்களும், எங்களுக்கும் சலிச்சுப் போச்சுங்கன்னு எடுத்து வெச்சுட்டாங்க. ஆனா நான் மண்டபத்துல இருந்து வர்றப்ப டிவியைத் தொட்டுப் பாப்பேன். சூடா இருக்கும்.

கார்த்திகையில தாரணிக்கு நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை பேரு நவநீதன், கோயமுத்தூர்ல வேலை. நல்ல பையன், நான் பாத்து முடிச்ச எடம். ஒரு ஞாயித்துக்கெழமை விருந்துக்கு வந்தவன், டிவிக்கு அடியில அந்த டப்பாவைப் பாத்துட்டு, அட, இது இங்க இருக்குதான்னு எடுத்தான். அவனும் விளையாடுவானாம். அவனுக்கு ஒரு பன்னியைக் குடுத்தாங்க. மாப்பிள்ளைக்குப் பன்னி, கவனிச்சீங்களா. ஆரம்பிச்ச உடனே சாந்தாமணி, மாமியா ஆகப் போறவ, அவனை ஒரே உதை. பலகையைவிட்டு உழுந்தான். 'அத்தை, இது அநியாயம்'னான். அவ சிரிச்சா. தாரணி அவன் மேல வெடி வெச்சா. ஊடே அதுருது. நான் நாற்காலியில உக்காந்து பாத்துட்டு இருக்கறேன். அவன் வந்து சோறு உண்டு முடிக்கலை, அதுக்குள்ள அவனை நாலு பக்கமும் போட்டுச் சாத்தறாங்க. நான் கல்யாணம் பண்ணிக் கூட்டியாந்து, சோறு போட்டு, படிக்க வெச்சு ஆளாக்கினவன். எனக்கு ஒரு அடி கெடையாது.

அன்னைக்குத்தான் ஒண்ணு பாத்து வெச்சுக்கிட்டேன். டிவியோட மேல்மூலையில ஒரு நம்பர் தெரியும். அந்த ஆட்டத்துக்கு ஒரு ரூமு மாதிரி. மூணே பேர் இருந்தா அதைத் தொறந்து விட்டுருவாங்க, வெளியில எங்கிருந்தோ ஒருத்தன் போன்ல வந்து நாலாவதாச் சேந்துக்குவான். நம்பர் தெரிஞ்சா அந்த ரூமுக்கே நேராப் போயரலாம். முகூர்த்தத் தேதி வருசக்கணக்கா மனசுல வெச்சிருக்கறவனுக்கு ஒரு நம்பரா பெருசு?

மண்டபத்துல சாமான் அறைக்குப் பொறத்தால எனக்கு ஒரு சின்ன ஆபீஸு. பொழுதோட அங்க கதவைச் சாத்தீட்டு, போன்ல அந்த விளையாட்டை எறக்கினேன். உருவம் எடுக்கச் சொல்லுச்சு. சிங்கத்தை எடுக்கலை. கடைசியில ஒரு கத்திரிக்காய் இருந்துது, கையும் காலும் மொளச்ச கத்திரிக்காய், தலையில காம்பு. அதை எடுத்தேன். மைக்கை அடைச்சுட்டேன். என்ற குரல் அவங்களுக்குத் தெரியாமப் போகுமா? அவங்க பேசறது மட்டும் காதுல கேக்கற மாதிரி மாட்டீட்டு, நம்பரைப் போட்டு உள்ள போனேன்.

பலகை மேல போய் நின்னேன். கோழி, கரடி, தவளை, மூணும் நிக்குது. 'யாருடா இது, கத்திரிக்காய்'னு அபர்ணா குரல். அவ்வளவுதான், அடுத்த நிமிசம் எனக்கு என்ன நடந்துதுன்னே தெரியலைங்க. தலையில ஒண்ணு உழுந்துது. திரும்பறதுக்குள்ள பின்னால ஒண்ணு. மேல பறந்தேன். கீழ வர்றப்பக் கோழி காத்துட்டு இருக்குது. தோசைக்கல்லு. ஐயோ, அந்த அடி. பலகை தாண்டி, மேகம் தாண்டிப் போய் உழுந்தேன். காதுக்குள்ள சாந்தாமணி சிரிக்கறா. 'செத்தான்டி கத்திரி, இன்னைக்குக் கொழம்புதான்'ங்கறா. நான் நாற்காலியில சாஞ்சுட்டுச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டி, ஒண்ணுமில்லீங்களேன்னு கேட்டுட்டுப் போனார்.

அதுல என்ன இருக்குதுன்னு கேக்கறீங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. மண்டபத்துல பாக்கறேனே, தாம்பாளத்துல ஒரு தேங்கா கொறஞ்சா மூணு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஒரு வார்த்தை தடிச்சாச் சாவுக்குக்கூட வர மாட்டாங்க. இங்க ஆகாசத்துல இருந்து எட்டி உதைச்சுத் தள்ளறாங்க, மூணு எண்ணறதுக்குள்ள மேல வந்து நிக்கறம், நின்ன உடனே மறுபடியும் உதை. ஒருத்தருக்கும் கோபமில்லை. யார் யாரை அடிச்சாங்கன்னே தெரியறதில்லை, வெடி வெச்சவளே அதுல மாட்டிச் சாகறா. நானும் அடிப்பேன். ஒருநாள் சாந்தாமணியை உலக்கையில ஒரே போடு போட்டேன். 'அடப்பாவி கத்திரி, இருடா வர்றேன்'னு சொன்னா. 'டா'ன்னு சொன்னா என்னை. இருபத்தஞ்சு வருசத்துல யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லைங்க.

அப்புறம் நான் இல்லாம அவங்க ஆரம்பிக்கறதில்லை. 'கத்திரி வரட்டும், இருங்க'ன்னு சாந்தாமணி சொல்லுவா. பேசாத ஆளுன்னு தெரியும். ஊமையோ என்னமோ, பாவம்னு அவங்களாவே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நான் சரின்னு சொல்றதுக்கு ஒருதடவை குதிப்பேன், இல்லைன்னா ரெண்டுதடவை. அதுலயே எல்லாம் பேசிக்குவம்.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவுல அவங்க பேசறது காதுல உழுகுமில்லீங்களா. நான் ஒட்டுக் கேக்கலை. தானா உழுகுது. சாந்தாமணிக்கு ஸ்கூட்டர் ஓட்டிப் பழகோணும்னு ஆசையாம். பக்கத்து ஊட்டுக்காரி ஓட்டறதைப் பாத்து, கை அரிக்குதுங்கறா. இது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா செய்யாம இருப்பனா? அன்னைக்கு ராத்திரியே, சோறு தின்னுட்டு இருக்கறப்ப, சும்மா பேச்சுவாக்குல கேட்டேன்.

"ஏன் சாந்தாமணி, ஸ்கூட்டர் பழகிக்கறயா?"

கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுது. புள்ளைங்க ரெண்டும் ஒருத்தியை ஒருத்தி பாத்துக்கிட்டாங்க. "எனக்கெதுக்குங்க அதெல்லாம்"னா. மொகம் வெளுத்துப் போச்சு. நல்லதைத்தானுங்க கேட்டேன். அப்புறம் நாலஞ்சு நாளைக்கு அவங்க விளையாடவே இல்லை. நான் ஆபீஸுல கத்திரிக்காயை நிறுத்தி வெச்சுட்டு ஒத்தையில நின்னுட்டு இருப்பேன், வெறும் பலகை மேல. அவங்க திரும்ப வந்தப்பக் காதுல உழுந்துது, யார் போய் உங்கப்பாகிட்டச் சொல்லியிருப்பாங்க, பக்கத்து ஊட்டுக்காரியான்னு சாந்தாமணி விசாரிச்சுட்டு இருக்கறா. அன்னைக்கோட அந்தப் பக்கத்து ஊட்டுக்காரிகிட்டப் பேச்சை நிறுத்தீட்டா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அபர்ணா மேல படிக்கப் பெங்களூர் போகோணும்ங்கறா, இடம்கூடக் கெடைச்சுரும்ங்கறா, அப்பாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு அழுகறா. எனக்கு அது காதுல உழுகுது. நான் கத்திரிக்காய். ஒருதடவை குதிச்சேன். 'பாரு, கத்திரி சரிங்குது'ன்னு அவ அழுகையோட சிரிச்சா.

தெனமும் ஒரு நேரம் வரும். எவ்வளவு சூடா ஆட்டம் நடந்துட்டு இருந்தாலும் சாந்தாமணி, 'உங்கப்பா வர்ற நேரமாச்சு, எடுத்து வையுங்க'ம்பா. கோபமா இல்லைங்க. மழை வருது, துணியை எடுங்கன்னு சொல்ற மாதிரி. 'வர்றோம் கத்திரி, நாளைக்குப் பாக்கலாம்'னு அபர்ணா சொல்லுவா. டப்புனு எல்லாம் இருட்டாயிரும். நான் போனை வெச்சுட்டு, மொகம் கழுவீட்டு, வண்டியை எடுப்பேன். போனா டீ வரும்.

அதுனால கொஞ்சம் கொஞ்சமா நேரம் கழிச்சுப் போக ஆரம்பிச்சேன். வேலை எச்சாயிருச்சுன்னு சொன்னேன். அவங்க ஏன்னு கேக்கலை. எனக்கு அதுல வருத்தமில்லை, அத்தனை நேரமும் அவங்ககூடத்தானே இருக்கறேன். என்ற ஊட்டு ஆளுங்ககூட நான் இத்தனை நேரம் இருந்ததே இல்லைங்க, உண்மையைச் சொன்னா. ஆனா மார்கழி பொறந்துருச்சு. மார்கழியில ஏதுங்க கல்யாணம்? மண்டபத்தைப் பூட்டிச் சாவியை ஓனர் வாங்கி வெச்சுக்கிட்டார், வெள்ளையடிக்கற வேலை நடக்குது. நான் ஊட்டுல இருந்தா விளையாட்டு நடக்காது. அதுக்குத்தானுங்க இந்தப் பஸ்ஸு. மதுரையில பந்தல்காரர் ஒருத்தரைப் பாக்கோணும்னு சொல்லீட்டு வந்தேன். பந்தல்காரரும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன வாரம் சேலம் போனேன். அதுக்கு முன்னால பழனி போனேன், சாமிகூடப் பாக்கலை. ஊட்டுல இல்லாம இருக்கோணும், அவ்வளவுதான் வேலை.

இப்ப ஒரு சிக்கல் வந்துருச்சு. நேத்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து விளையாடறப்ப, அவங்க பேசறதுல தெரிஞ்சுது. நவநீதன் போன்ல கேட்டானாம், யாரு இந்த நாலாவது ஆளுன்னு. தெரியாதுன்னிருக்கறாங்க. பொம்பளைங்க ஊட்டுக்குள்ள பேசறதை முகம் தெரியாத ஒருத்தன் தெனம் உக்காந்து கேட்டுட்டு இருக்கறான், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான், அது எப்படிப்பட்ட ஆளோ, முதல்ல அவனை வெளிய தள்ளுங்கன்னிருக்கறான். இனி நாலாவதா அவனே வர்றானாம். சரிதானுங்க அவன் சொல்றது. ஒரு தகப்பனா நான் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். பொறுப்பான பையன்னு நெனச்சேன்.

தாரணியும் தள்ளீரலாம்னா. சாந்தாமணிதான் விடலை. 'பாவம், அது நம்மள என்ன பண்ணுச்சு'ன்னா. கடைசியில இப்படி முடிவாச்சு: நாளைக்கு வர்றப்ப ஒரு வார்த்தை பேசச் சொல்லலாம். வாயைத் தொறந்து பேசினா இருக்கட்டும், இல்லைன்னாத் தள்ளீரலாம். 'மனுசன் குரலைக் கேட்டாப் போதும், நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரிஞ்சுரும்'னு சாந்தாமணி சொல்றா. நாளைக்குன்னா இன்னைக்கு. ஊமைன்னு நெனச்சவங்ககூட இப்ப நம்பறதில்லை. நான் ரெண்டுதடவை குதிச்சுப் பாத்தேன், மூணுதடவை குதிச்சுப் பாத்தேன். என்ன சொல்றேன்னு எனக்கே தெரியலை.

ராத்திரி பூராத் தூக்கமில்லை. பக்கத்துலயே அவ படுத்திருக்கறா. எழுப்பிச் சொல்லீரலாமான்னு நெனச்சேன். நாந்தான் அந்தக் கத்திரின்னு. சொன்னா என்ன ஆகும்? ஸ்கூட்டரைப் பத்திக் கேட்டதுக்கே மொகம் அப்படிப் போச்சு. அவளுக்கும் கத்திரி இல்லாமப் போயிரும், எனக்கும் கோழி இல்லாமப் போயிரும். அப்புறம் அந்த ஊட்டுல யாரு யாரை அடிக்கறது?

நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல நீங்க கண்டக்டர்கிட்டத் திண்டுக்கல் நிக்குமான்னு கேட்டுட்டு இருந்தீங்க பாருங்க, அப்பப் பொறத்தால நான் நின்னுட்டு இருந்தேன். உங்க குரல் நல்லா இருந்துது. மெரட்டலும் இல்லை, கொழையறதும் இல்லை. அதைக் கேட்டுட்டுத்தான், அங்க ரெண்டு சீட்டு காலியா இருந்தும், உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். மூணு பஸ்ஸை விட்டுட்டேனுங்க, இந்தக் குரலுக்காக.

ஒரே ஒரு வார்த்தைங்க. நான் மைக்கைத் தொறக்கறேன், நீங்க பேசுங்க. அடி வாங்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன். உங்க பேரு எதுவோ அதையே சொல்லுங்க, பொய் சொல்ல வேண்டாம். இத்தனை நாள் ஏன் பேசலைன்னு கேட்டாக் கூச்சமா இருந்துதுன்னு சொல்லுங்க, அதுல பொய்யில்லை. இதைக் காதுல மாட்டிக்குங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. அதா பாருங்க, கோழி வந்துருச்சு. கரடி வந்துருச்சு. கேக்குதுங்களா? அதுதான் சாந்தாமணி.

எடுத்ததும் அவ, 'சாப்டாச்சா கண்ணு'ன்னுதான் கேப்பா. ஊடு கூட்ட வர்றவங்க, கேஸ் கொண்டாறவங்க, யாரைக் கண்டாலும் அவளுக்கு அதுதான் முதல் கேள்வி. சாப்புட்டேன்னு சொல்லீருங்க. சொல்லீட்டு, நீங்க சாப்புட்டீங்களான்னு திருப்பி ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்கு அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதுங்க.